மூச்சு நிற்குமிடம்

திருக்குர்ஆனை ஓதுவோர் இடையில் நிறுத்துதலை 'வக்ஃபு' என்றும், நிறுத்தாது தொடர்ந்து ஓதுதலை 'வஸ்ல்' என்றும் கூறுவர். மூச்சு வாங்குதல் சிறு செயலாகத் தோன்றலாம். ஆயினும், அது நிகழும் இடத்தைப் பொறுத்து வசனத்தின் பொருளே மாறிவிடக்கூடும்.

4ஆம் அத்தியாயத்தின் 43ஆம் வசனம், போதையுற்ற நிலையில் தொழுகையை அணுகுதலை விலக்குகின்றது. 'தொழுகை' என்ற சொல்லோடு ஒருவர் நிறுத்திவிடுவாராயின், தொழுகையே விலக்கப்பட்டதாகிவிடும்!

ஏழாம் நூற்றாண்டின் ஏட்டுப் பிரதிகளில் உயிரொலிக் குறிகளும் இல்லை. நிறுத்தக் குறிகளும் இல்லை. ஆசிரியர் ஓத, மாணாக்கர் கேட்டு ஓதிய வாய்மொழி மரபே வழிகாட்டியாயிருந்தது. நபிகள் நாயகம் வசனம் வசனமாக நிறுத்தி ஓதினார் என்பது, அவர்தம் துணைவியார் உம்மு ஸலமா அறிவித்த செய்தியாகும். அரபு மொழியறியாத மக்களிடையேயும் இஸ்லாம் பரவியபோது, இம்மரபை நூலாக வகுத்தல் இன்றியமையாததாயிற்று.

பக்தாதில் 940இல் மறைந்த இப்னுல் அன்பாரி இத்துறையில் விரிவான நூலொன்று இயற்றினார். அந்தலூசியாவில் 1053இல் மறைந்த அத்தானீ, நிறுத்தங்களை முழுமையானது, போதியது, நல்லது, தகாதது என நால்வகைப்படுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டினரான ஸஜாவந்தி, ஓரெழுத்துக் குறிகளை அமைத்தார். 'மீம்' கட்டாய நிறுத்தம். 'ஜீம்' நிறுத்தவும் தொடரவும் இடந்தருவது. 'லா' நிறுத்தலாகாது என்பது. இந்திய உபகண்டத்து அச்சுப் பிரதிகளில் அவர் முறையே நிலைத்தது. 1924ஆம் ஆண்டின் கெய்ரோப் பதிப்போ வேறொரு குறிமுறையைக் கைக்கொண்டது.

நிறுத்தும்போது ஒலியும் மாறும். 'ஆலமீன' என்பது 'ஆலமீன்' என முடியும். 'ரஹ்மத்' என்பதன் ஈற்றுத் தகரம் ஹகரமாகி 'ரஹ்மஹ்' என ஒலிக்கும்.

எல்லா இடங்களிலும் அறிஞர் ஒருமனப்பட்டனர் அல்லர். 3ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பல பொருள் படும் வசனங்களின் உட்பொருளை அறிபவர் யார் என்பதைக் கூறுகின்றது. 'அல்லாஹ்' என்ற சொல்லில் நிறுத்தினால், அவ்வறிவு இறைவனுக்கே உரியது. தொடர்ந்து ஓதினால், கல்வியில் வேரூன்றியோர்க்கும் அதிற் பங்குண்டு. பெரும்பாலோர் முன்னதைக் கொண்டனர். முஜாஹித் முதலிய சிலர் பின்னதைக் கொண்டனர். மனித அறிவின் எல்லை பற்றிய பெருவினா, ஒரு மூச்சின் இடைவெளியில் அடங்கியிருக்கின்றது.

ஆதலின், வரிகளின் மேல் நிற்கும் அச்சிறு எழுத்துகள் வெறும் அலங்காரமல்ல. அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவனும் பொருள் பிறழாது ஓதவேண்டும் என்னும் கருணையால், பல தலைமுறை அறிஞர் விட்டுச்சென்ற வழித்துணை அவை.