வேலை பார்த்துக்கிட்டே ஆஸ்திரேலியா சுத்தலாம்!

வருஷக்கணக்கில் ஊர் சுத்த ஆசை, சேமிப்போ மூணு மாசம்கூடத் தாங்காது. இந்த ரகமா நீங்க? 18 முதல் 30 வயதுக்குள் இருந்தால், ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா (பிரிவு 462) உங்களுக்கானது. இந்தியர்களுக்கு 2024 அக்டோபரில் பதிவு தொடங்கியது. ஆண்டுக்கு 1,000 இடங்கள்தான். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். தேர்வு முழுக்க குலுக்கல் முறை என்பதால், "உறுதியா வாங்கித் தர்றோம்" என லட்சங்களில் பேசும் ஏஜென்ட்டை நம்பாதீங்க. குலுக்கலில் யார் சிபாரிசும் செல்லாது.

பெயர் வந்தால், பள்ளிக்குப் பிறகு 2 வருடப் படிப்பு, ஆங்கிலத் திறன், சுமார் 5,000 டாலர் கையிருப்பு ஆகியவற்றைக் காட்டணும். 12 மாதம் தங்கலாம். ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதம்தான் வேலை.

டார்வின், கேத்தரின் பக்கம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாம்பழ அறுவடை. (நம்ம ஊர் சீசனுக்கு நேர் எதிர்!) மண்டையைப் பிளக்கும் வெயில், மாங்காய்ப்பால் பட்டால் தோல் பொத்துப்போகும். முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். இதுபோன்ற அங்கீகரிக்கப்பட்ட வேலையை 3 மாதம் செய்தால் இரண்டாம் வருட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், 'சாப்பாடு, தங்குமிடம் மட்டும்; சம்பளம் இல்லை' என்கிற வேலை கணக்கில் வராது. சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்க. விசா அதிகாரி அதைத்தான் கேட்பார்.