பெயரும் அதன் அயலும்

பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில் முத்துசாமி, இராமாயி என்னும் பெயருடையார் பலர். ஆங்கே தனிப்பெயர் ஆளைக் காட்டாது. அடுத்து நிற்கும் தந்தை பெயரே காட்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர் 1946க்கு முன் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இலங்கையில் இடையறாது வதிந்தமையை நிறுவுமாறு வேண்டிற்று. அதனால், வேலையாட் பதிவேடாகிய செக்றோலின் ஒரு வரியும் ஒரு குடும்பத்தின் உரிமைக்குச் சான்றாயிற்று.

அத்தகைய வரியைக் கண்டடைவது எங்ஙனம்? 13ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் துறவியர் விவிலியத்துக்கு அமைத்த சொல்லடைவு, சொல் வரும் அதிகாரத்தையும் அதன் பகுதியையும் மட்டுமே சுட்டிற்று. இக்காலக் கணினி அடைவோ சொல்லின் வரிசையெண்ணையும் குறிக்க வல்லது. இரு சொற்களின் எண்கள் ஒன்றால் வேறுபடின் அவை தொடராம்; சிலவால் வேறுபடின் அயலாம். வரிசையெண் இல்லா அடைவு முத்துசாமிகள் அனைவரையும் ஒருங்கே நிறுத்தும். அஃது உடைய அடைவே ஒருவனைத் தந்தையோடு சேர்த்துக் காட்டும்.