முதுமைத் தசைவலு இழப்பு

முதுமைத் தசைவலு இழப்பு என்பது, வேறு நோய் ஏதும் இல்லாதவர்களிடத்தும் அகவை ஏற ஏறத் தசைகளின் ஆற்றல் படிப்படியாகக் குறைந்துவரும் நிலையாகும். முதுமையில் தசை மெலிவதற்குத் தனிப்பெயர் இருந்தாலன்றி அது ஆய்வாளரின் கவனத்தைப் பெறாது என்று கருதிய அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பெர்க், 1980களின் இறுதியில், தசை, குறைவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து 'சார்க்கோபீனியா' என்ற பெயரை வழங்கினார். தசையின் பருமனைக் காட்டிலும் வலுவே விரைந்து குறைகிறது என்பது பின்னர்த் தெளிவானதால், வலு இழப்பை மட்டும் சுட்டுவதற்கு 'டைனபீனியா' என்ற சொல் 2008இல் முன்வைக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பில் உள்ளது. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் ஒரு தொகுதித் தசையிழைகளை ஆள்கிறது. அந்த அணு மடியும்போது ஆதரவற்றுப்போகும் இழைகளில் சிலவற்றை அண்டை நரம்பணுக்கள் ஏற்றுக்கொள்ள, எஞ்சியவை நலிந்து அழிகின்றன. மிகுதியாக நலிபவை விரைந்து சுருங்கும் இழைகளே. நிலைப்படியில் கால் தடுக்கியவர் கண்ணிமைப்பதற்குள் மறுகாலை முன்வைத்துத் தம்மைத் தாங்கிக்கொள்வது இவற்றின் துணையால்தான் என்பதால், முதியவர் விழுவதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது பெரும்பாலும் நியாயமற்றது.

கைப்பிடி வலுவை அளந்து இந்நிலை கண்டறியப்படுகிறது. ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த வரையறையின்படி ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் கீழெல்லைகளாகும். கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆவதும் ஓர் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது.

இழந்த வலுவை மீட்க முடியும் என்பதற்கு மரியா ஃபியாட்டரோனும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு சிறந்த சான்றாகும். பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, சராசரி அகவை 90 ஆன தளர்ந்த முதியவர்கள், எட்டு வாரம் கடும் எடைப்பயிற்சி மேற்கொண்டனர். பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடைத் தசையின் பரப்போ ஏறத்தாழ 9 விழுக்காடே கூடியது என்பது, உறங்கிக்கிடந்த இழைகளை நரம்புகள் மீண்டும் பணிக்கு அழைத்ததைக் காட்டுகிறது. பயிற்சியோடு புரதமும் வேண்டும். முதியோரின் தசை புரதத்திற்கு மந்தமாகவே வினைபுரிவதால், சிறுநீரக நோய் இல்லாதவர்கள் உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் வரை உண்ண வேண்டுமென வல்லுநர்கள் கூறுகின்றனர். அன்பின் பெயரால் முதியவரை எந்த வேலையும் செய்யவிடாமல் அமர்த்திவைப்பது இவ்விழப்பை விரைவுபடுத்துகிறது. பாஸ்டன் முதியவர்களும், பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், மீட்ட வலுவில் கணிசமான பகுதியை இழந்தனர்.