பலாலி விமான நிலையமும் மண்ணின் மக்களும்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படைக்கென அமைக்கப்பட்டதாகும். 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னை சென்றது. படைத்தளம் குடிமக்களின் வாயிலாயிற்று. 1990இல் இப்போக்குத் தலைகீழாயிற்று. போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்தம் செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின.

2019 ஒக்டோபர் 17இல் இது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. காணிகள் யாவும் மீளவில்லை.

ஆகவே, விமான சேவைகளை மட்டும் கொண்டு இந்நிலையத்தின் வரலாற்றை எழுதுதல் பொருந்தாது. பயன்பெறும் சமூகமும் நிலமிழந்த சமூகமும் ஒன்றே. ஓடுபாதையைச் சூழ்ந்த நிலத்தின் உடைமை வரலாற்றையும் சேர்த்தே நாம் ஆராய்தல் வேண்டும்.