பொருக்கும் ஆறும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நீராவிக் காலத்தில் கொதிகலன் குழாய்த் துப்புரவு

முன்னுரை

திருநெல்வேலிச் சீமையின் நீராவிக் காலம் தமிழில் பெரும்பாலும் இரண்டு வாயில்களின் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் நிறுவனம். மற்றொன்று, 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம். வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் கைதும், அதனையடுத்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் வெடித்த மக்கள் எழுச்சியும் ஆ. இரா. வேங்கடாசலபதி முதலிய ஆய்வாளர்களால் விரிவான சான்றுகளுடன் ஆராயப்பட்டுள்ளன. கப்பலின் உரிமை, ஆலையின் கூலி, அரசின் அடக்குமுறை ஆகியவை பற்றி இன்று நிறையவே அறிகிறோம். அக்கப்பலையும் அவ்வாலையையும் இயக்கிய கொதிகலனின் உட்புறமோ ஆய்வாளரின் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளது.

இப்புறக்கணிப்புக்கு நிறுவனத்தின் பெயரே ஒரு சான்று. ஆங்கிலத்தில் அது ‘சுவதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி’. தமிழில் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்றும், மக்கள் வழக்கில் ‘சுதேசிக் கப்பல் கம்பெனி’ என்றும் வழங்கிற்று. ஆங்கிலப் பெயரின் நடுவே நின்ற ‘ஸ்டீம்’ தமிழுக்கு வரும்போது உதிர்ந்துவிட்டது.

கொதிகலனுக்குள் படியும் உப்புப் பொருக்கை நீக்கும் பணியை மையமாகக் கொண்டு இப்பள்ளத்தாக்கின் தொழில் வரலாற்றை அணுக இக்கட்டுரை முயல்கிறது. இப்பணிக்கென இயந்திரக் கருவிகள் உருவான பின்னரும் அது இங்கே நெடுங்காலம் கையுழைப்பைச் சார்ந்தே நிகழ்ந்ததற்குக் கருவியின் விலையை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. கொதிகலனின் வடிவமும் அதனுள் ஊற்றப்பட்ட நீரின் தன்மையும் அதில் பெரும்பங்கு வகித்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

செதிலா, பொருக்கா?

நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் வெப்பத்தால் பிரிந்து உலோகச் சுவரில் கெட்டியாகப் படிகின்றன. ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்கேல்’ என்பர். தமிழ்ப் பாடநூல்களில் இதற்குச் ‘செதில்’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. மீனின் செதிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘ஸ்கேல்’ என்பதே ஆதலால், இது சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு எனக் கருத இடமுண்டு. ஜெர்மானியர் இதே பொருளைக் ‘கொதிகலக் கல்’ எனப் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். அவர்கள் பார்வையில் பட்டது அதன் கடினம்.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் ‘பொருக்கு’ என்பது எனது துணிபு. சோற்றுப் பானையின் அடியில் பிடிப்பதும், வற்றிய குளத்தின் வண்டல் காய்ந்து பிளவுபடுவதும் பொருக்கே. படிதல், காய்தல், பெயர்த்தெடுக்க வேண்டியிருத்தல் ஆகிய மூன்று நிலைகளும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. ‘செதில்’ இயற்கையாய் உடலோடு வளர்வதைக் குறிப்பது. கொதிகலனில் நிகழ்வது அதுவன்று. இக்கட்டுரையில் பொருக்கு என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

இல்லங்களில் வெந்நீர் போடப் பயன்பட்ட செப்புப் பாய்லரையும் இங்கு நினைவுகூர வேண்டும். நடுவே கரியோ விறகோ எரியும் குழாய், அதனைச் சுற்றி நீர் என்பதே அதன் அமைப்பு. வடிவத்தால் அது ஒரு சிறு தீக்குழாய்க் கொதிகலன் எனலாம். கிணற்று நீரை ஊற்றிய வீடுகளில் அந்த நடுக்குழாயின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் பிடிப்பதைக் கண்டவர் பலர். நீரின் கடினத்தை அறியத் திருநெல்வேலி மக்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டதில்லை. பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்னும் இரு சோதனைகளே போதுமானவையாக இருந்தன. கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையைக் கலித்தொகைக் காலம் முதலே தமிழர் அறிவர். ஆயினும் அது நீரில் மிதக்கும் மண்ணை அடியில் படியச் செய்யுமேயன்றி, கரைந்த சுண்ணாம்பை நீக்கும் ஆற்றல் உடையதன்று.

கருவியின் அமைப்பு

பொருக்கு ஓர் அழுக்கு என்ற அளவில் நில்லாமல் ஆபத்தாகவும் மாறுவதற்குக் காரணம் அதன் வெப்பக் கடத்துதிறன். சுண்ணாம்புப் பொருக்கின் கடத்துதிறன் எஃகினுடையதில் 20இல் ஒரு பங்குக்கும் குறைவு. தீயின் வெப்பம் நீரைச் சென்றடையாமல் குழாயின் உலோகத்திலேயே தேங்குகிறது. எரிபொருள் வீணாவது முதற்கேடு. அளவுமீறிச் சூடேறிய எஃகு மென்மையுற்று, உள்ளழுத்தத்தால் புடைத்து, இறுதியில் வெடிப்பது அடுத்த கேடு.

கொதிகலன்களில் இரு பெரும் வகைகள் உண்டு. தீக்குழாய் வகையில் குழாயினுள் தீப்புகை செல்லும். நீர் அதனைச் சூழ்ந்திருக்கும். ஆகவே பொருக்கு குழாயின் வெளிப்புறத்தில் படியும். நீர்க்குழாய் வகையில் நீர் குழாயினுள்ளே ஓடும். பொருக்கும் உள்ளேயே படியும். 1867இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாப்காக் வில்காக்ஸ் வகை இரண்டாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 4 அங்குல விட்டமும் 18 அடி நீளமும் கொண்ட குழாய்கள் அதில் பெருவழக்கு. அத்துணை நீண்ட, குறுகிய குழாயினுள் உளியையும் சுத்தியலையும் கொண்டு செல்ல இயலாது.

இச்சிக்கலிலிருந்தே சுழலி வகைக் குழாய்த் துப்புரவுக் கருவி பிறந்தது. குழாயினுள் நுழையத்தக்க ஒரு சிறு உருளை. அதனுள் ஒரு சுழலி. ரப்பர்க் குழலின் வழியே அழுத்தத்துடன் செலுத்தப்படும் நீர் அச்சுழலியைச் சுற்றுகிறது. அதன் முனையில் மடங்கும் கைகள் பொருத்தப்பட்டுள்ளன. கைகளின் நுனியில் பல்லுள்ள வெட்டுச் சக்கரங்கள். சுழற்சி மிகும்போது மையவிலக்கு விசையால் கைகள் விரிந்து, சக்கரங்கள் குழாய்ச் சுவரை அழுத்திப் பொருக்கை நொறுக்குகின்றன. சுழலியை விட்டு வெளியேறும் அதே நீர் நொறுங்கிய துகள்களை அடித்துச் செல்கிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த லகோண்டா நிறுவனமும் பிட்ஸ்பர்க்கின் லிபர்ட்டி நிறுவனமும் இவ்வகைக் கருவிகளுக்குப் பெயர்பெற்றவை. தீக்குழாய்களுக்கென உருவான ‘டீன்’ கருவி வேறு வழியைக் கைக்கொண்டது. குழாயினுள் செலுத்தப்படும் அதன் சிறு சுத்தியல்தலை உட்சுவரை விரைந்து தட்டும். அவ்வதிர்வால் வெளிப்புறப் பொருக்கு உதிரும்.

குழாய்ச் சுவரில் ஒரே இடத்தில் கருவியை நெடுநேரம் நிறுத்தினால் வெட்டுச் சக்கரம் பொருக்கைக் கடந்து எஃகையே கீறிவிடும். கருவி சுழன்றாலும், அதனை எவ்விரைவில் நகர்த்துவது என்பதைக் குழலைப் பிடித்திருப்பவனின் கையே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மூவகை நீர்

தாமிரபரணி பொதிகையின் கடும்பாறை மலைகளில் தோன்றுவது. மேற்பகுதியில் அதன் நீர் உப்புக் குறைந்த மென்னீர். பாபநாசத்தில் மலையிறங்கும் அவ்வாற்றின் விசையையே ஹார்வி சகோதரர்கள் தம் முதல் ஆலைக்குப் பயன்படுத்தினர். 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் எழுந்த திருநெல்வேலி ஆலை, அருவி நீரால் சுழலும் சுழலிகளைக் கொண்டு இயங்கிற்று. நீரே நேராக உழைத்தமையால், அங்கே இயக்கவிசைக்கு அதனைக் கொதிக்கவைக்க வேண்டிய தேவை எழவில்லை.

அதே நிறுவனத்தார் 1888இல் தூத்துக்குடியில் நிறுவிய கோரல் ஆலையின் நிலை இதற்கு நேர்மாறானது. துறைமுகமும் இருப்புப்பாதையும் அருகிருந்தன, அருவி இல்லை. நீராவியே இயக்குவிசை. கடற்கரை மணலில் தோண்டிய கிணறுகளின் நீரோ உவர் மிக்கது. ஆற்றின் தலையில் ஓர் ஆலை, ஆற்றின் வாய்க்கு அருகே ஓர் ஆலை, இரண்டுக்கும் ஒரே உரிமையாளர். எனினும் ஒன்றின் பொறியாளர் நீரின் அளவைப் பற்றியும், மற்றொன்றின் பொறியாளர் நீரின் தன்மையைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருந்தது. 1908 வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும் வார விடுமுறையும் முதன்மைக் கோரிக்கைகளாயின என்பது நன்கறிந்த செய்தி. கொதிகலனைப் பொறுத்தவரை விடுமுறைநாள் என்பது வேறு பொருள் உடையது. தீயை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே ஆள் இறங்கத்தக்க நாள் அதுவே. பிறர் ஓய்ந்திருக்கும் நாளே துப்புரவாளரின் வேலைநாள் ஆவது நீராவி ஆலைகளின் பொது இயல்பு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது திருநெல்வேலி டவுண். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் ஆற்றுநீரை ஊருக்குக் கொண்டுவருகிறது. அல்வாவின் சுவைக்கு ஆற்றுநீரே காரணம் என்னும் ஊரார் நம்பிக்கையை வேதியியல் மறுக்கவில்லை என்றாலும், அது வேறோர் ஆய்வுக்குரியது. டவுணுக்கு வடகிழக்கே தாழையூத்துப் பகுதியில் சுண்ணாம்புப்பாறை நிலத்துக்கு வெகு அருகில் கிடைக்கிறது. 1946இல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949இல் அங்கே இயங்கத் தொடங்கியதற்கு அப்பாறையே அடிப்படை. சிமெண்டு உலைக்குச் செல்வமான கால்சியம் கார்பனேட்டே கொதிகலனுக்குப் பகையாயிற்று. கால்வாய் நீர் பெற்ற அரிசி ஆலையும் கிணற்று நீரை நம்பிய அரிசி ஆலையும் ஒரே தெருவில் இருப்பினும், ஆண்டு முடிவில் அவற்றின் கொதிகலன்கள் ஒரே நிலையில் இருந்திருக்க இயலாது.

நெல் அவிக்கும் ஆலைகளில் பரவலாக இருந்தவை கார்னிஷ், லங்காஷயர் முதலிய உருளைக் கொதிகலன்கள். இவற்றில் அகன்ற தீக்குழல் ஒன்றோ இரண்டோதான் உண்டு. பொருக்கு அவற்றின் வெளிப்புறத்திலும் உருளையின் அடியிலும் படியும். நீர்க்குழாய்க்கென வடிக்கப்பட்ட சுழலிக் கருவிக்கு இங்கே வேலையே இல்லை. உமியை எரிபொருளாகக் கொண்ட ஆலைகளில் தீக்குழலினுள் சேரும் சாம்பலை வாரி வெளியேற்றுவது தனிப்பெரும் பணியாக இருந்தது.

இருப்புப்பாதை பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளைப்பாதை 1876இலும், செங்கோட்டை வழியே கொல்லம் வரையிலான மலைப்பாதை 1904இலும் திறக்கப்பட்டன. ரயில் எஞ்சின்களின் கொதிகலன்கள் தீக்குழாய் வகையின. குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை அடைப்புகளைக் கழற்றி, நீர் பீய்ச்சி, நீண்ட கம்பிகளால் கிளறி வெளியேற்றும் ‘வாஷ் அவுட்’ முறையே அங்கு நடைமுறை.

சட்டமும் சுத்தியலும்

கல்கத்தாவில் 1863இல் நிகழ்ந்த கொதிகலன் வெடிவிபத்தைத் தொடர்ந்து 1864இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மாகாணந்தோறும் வெவ்வேறு சட்டங்கள் தோன்றின. அவற்றை ஒருமுகப்படுத்த 1920இல் அமைந்த குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் பிறந்தது. 1924 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு கொதிகலனுக்கு வழங்கப்பட்ட சான்றிதழ் பன்னிரண்டு மாதத்திற்கு மேற்படாததாக இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் கொதிகலனை உரிய முறையில் ஆயத்தம் செய்து வைத்திருப்பது உரிமையாளரின் கடமையாக இருந்தது.

சட்டம் உரிமையாளரையும் ஆய்வாளரையும் பேசுகிறது. ‘ஆயத்தம் செய்தல்’ என்னும் தொடருக்குள் மறைந்திருப்பவன் மூன்றாமவன். ஏறத்தாழ ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி நீளமும் உள்ள நீள்வட்ட ஆள்நுழை துளையின் வழியே, வெப்பம் முழுதும் தணியாத இருட்டு உருளைக்குள் இறங்கி, படுத்தும் குந்தியும் பொருக்கைச் சுத்தியலால் கொத்தியவன் அவன். கண்ணிலும் நெஞ்சிலும் சென்றது சுண்ணாம்புத் தூசி. மெலிந்த உடலே அவ்வேலைக்குத் தகுதியாயிற்று. ஆய்வாளரின் கையொப்பம் ஆவணமாக நிற்கிறது. அக்கையொப்பத்துக்குரிய தூய்மையை உண்டாக்கியவனின் பெயரைப் பதிவு செய்யச் சட்டப்படி எவருக்கும் கடமை இல்லை. தொழிலாளர் வரலாற்றை வேலைநிறுத்த அறிக்கைகளையும் காவல்துறைக் கோப்புகளையும் மட்டுமே கொண்டு எழுதும்போது, வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு எண்ணிக்கையில்லாத இத்தகையோர் விடுபட்டுப் போகின்றனர். வாய்மொழி வரலாற்றுக் களப்பணி இவர்களை நோக்கித் திரும்ப வேண்டியது உடனடித் தேவை.

மின்சாரத்துக்குப் பின்

1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், இப்பள்ளத்தாக்கில் இயக்கவிசைக்கு நீராவியின் தேவை படிப்படியாகக் குறைந்தது. நெல் அவித்தல், சாயமிடல் போன்றவற்றுக்கான கொதிகலன்களே எஞ்சின. ஆனால் 1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியபோது நீராவி பேரளவில் திரும்பி வந்தது. ஐந்து அலகுகளும் சேர்ந்து 1050 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையத்தில் உள்ளவை உயரழுத்த நீர்க்குழாய்க் கொதிகலன்கள். அத்தகைய அழுத்தத்தில் பொருக்கு படிந்தபின் நீக்குவது என்பது காலம் கடந்த செயல். நீரிலுள்ள உப்புகளை முன்னதாகவே முற்றிலும் அகற்றியாக வேண்டும். மூலநீர் எவ்வளவு மென்மையானதோ அவ்வளவு அச்செலவு குறையும்.

தூத்துக்குடித் தொழிற்சாலைகள் தாமிரபரணியை நாடியதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நாளொன்றுக்கு 20 மில்லியன் கேலன் நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கடைமடை உழவர்கள் எதிர்த்தனர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அவ்வழக்கில் நீரின் அளவும் முன்னுரிமையும் வாதிடப்பட்டன. அதே ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே வாழையும் நெல்லும் விளையும் வயல்கள் கடல்வரை நீள்கின்றன.