பதக்கத்தின் விளிம்பைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு மாணவி போனில் கேட்டாள்: "டீச்சர், வீட்டைக் காலி பண்றப்போ கொள்ளுத்தாத்தாவோட பட்டாள மெடல் ஒண்ணு கிடைச்சுது. ஒரே கறுப்பா இருக்கு. புளி போட்டு விளக்கட்டுமா?" "தொடாதே! முதலில் விளிம்பைப் படி" என்று சத்தம் போட்டுவிட்டேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவளுக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போகாத ஆள் இல்லாத தெருவே கிடையாது. என் தாத்தாவும் முதலாம் உலகப் போரில் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் வரை போய்த் திரும்பியவர். அவருடைய பதக்கம் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் விபூதி போட்டுத் தேய்ப்பது என் வேலை. ஒரு பக்கம் மகுடம் இல்லாத ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் சட்டை போடாத ஒரு ஆள். விளிம்பில் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்துகள். எனக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட அதை வாசித்துப் பார்க்கவில்லை.

1980இல் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் இல்லை. அந்த வருடம் வெள்ளி விலை எங்கும் ஏறிக் கிடந்தது. 1979 தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் சுமார் 6 டாலருக்கு விற்ற வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. அப்பா அம்மாவின் கொலுசு, என் தம்பியின் அரைஞாண், ஒரு வெள்ளிக் கிண்ணம், இவற்றோடு தாத்தாவின் பதக்கத்தையும் துணியில் முடிந்து வேலூருக்கு எடுத்துப் போனார். எடைக்குப் போட்டார். நான் டீச்சர் ஆனேன். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சமயத்தில் இங்கிலாந்திலேயே இதே பதக்கங்களை ஏராளமாக உருக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பதக்கத்தின் பெயர் 'பிரிட்டிஷ் வார் மெடல்' என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. ராஜா, ஐந்தாம் ஜார்ஜ். குறுக்களவு 36 மில்லிமீட்டர். வெள்ளியில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். வீரச்செயலுக்குத் தந்தது அல்ல இது. போர்ப் பணிக்குப் போன எல்லோருக்கும் உரியது. இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. கூலிப் படைகளில் மூட்டை சுமந்து, சாலை போட்டவர்களுக்கு அது. அரசரின் முகம் ஒன்றுதான், உலோகம் மட்டும் வேறு! வெண்கலப் பதக்கம் இருந்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்குச் சற்றுமேல்தான் அடித்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

இத்துடன் கொடுத்த இன்னொன்று 'விக்டரி மெடல்'. வெண்கலத்தில் சிறகு வைத்த தேவதை, வானவில் நிற ரிப்பன். 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கு வெண்கல நட்சத்திரம் ஒன்றும் உண்டு. அதில் பெயர் பின்பக்கம் இருக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான். முதல் போர்ப் பதக்கங்களில் பொதுவாக அதை வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொறித்தார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது ஒரு அவுன்ஸ் வெள்ளி, அவ்வளவே.

இது எனக்குப் புரியக் காரணம் இன்னொரு மாணவன். சில வருடங்களுக்கு முன் ஒரு மஞ்சள் பையோடு வந்தான். "டீச்சர், பாட்டியோட டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. மாமா எடைக்குப் போடச் சொல்றாரு." அதே ராஜா, அதே குதிரை. மேலே இருந்த கொக்கியை எடுத்துவிட்டு ஒரு வளையத்தைப் பற்றவைத்திருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை கழுத்தில் போட்டிருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பூதக்கண்ணாடி வைத்து இருவரும் விளிம்பைப் படித்தோம். நான்கு இலக்க எண். பதவி, சாப்பர். ஒரு தமிழ்ப் பெயர். பிறகு படைப்பிரிவின் சுருக்கெழுத்து: இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, சாலை போடுவது இவர்கள் வேலை. பெங்களூரில் இன்றும் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்கள்தான் இவர்கள். பட்டாளத்தில் இவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில், 1944 பிப்ரவரியில், கண்ணிவெடிமேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி, இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்ரமணியனும் இந்தப் படைதான்.

"பாட்டியோட மாமனார். பஸ்ரா போனாராம், திரும்பி வரலையாம். அவ்வளவுதான் தெரியும்" என்றான் மாணவன். எந்தத் தேதியில் இறந்தார் என்று தெரியாததால் அந்த வீட்டில் நூறு வருடமாக ஆடி அமாவாசையில்தான் அவருக்குத் தர்ப்பணம்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் இருக்கிறது. இலவசமாகத் தேடலாம். பெயரை வைத்துத் தேடினோம், கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அல்லவா! எண்ணையும் படைப்பிரிவையும் வைத்துப் பார்த்தபோது கிடைத்தார். எழுத்து மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. தகப்பனார் பெயர், ஊர்ப்பெயர், வட ஆற்காடு, எல்லாம் சரி. இறந்த தேதியும் இருந்தது. மாணவன் உடனே பாட்டிக்குப் போன் போட்டான். பாட்டி கேட்ட முதல் கேள்வி: "அன்னைக்கு என்ன திதி?" பஞ்சாங்கக் கணக்குப் பார்த்துச் சொன்னோம். அந்த வருடம் முதல் அந்த வீட்டில் அவருக்கு உரிய நாளில் திதி கொடுக்கிறார்கள்.

அவர் பெயர் 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச் சின்னத்தைச் சேர்ந்தது என்று அந்தப் பதிவு சொன்னது. 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. 'கல்லில் கொள்ளுத்தாத்தா பேர் இருக்கும்' என்று மாணவன் சந்தோஷப்பட்டான். இல்லை, கண்ணுகளா. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு, இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே 'மேலும் இத்தனை இந்திய வீரர்கள்' என்று ஒரு தொகை மட்டுமே. பெயர்கள் ஏட்டோடு நின்றுவிட்டன. இப்படி 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் அந்த ஆணையமே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நம் பக்கத்துக் கிராமங்களிலும் பழைய கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள்: இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர். அங்கும் எண்ணிக்கைதான்.

கல்லில் எண்ணாக மட்டும் இருந்த அந்த மனிதர், அந்தச் சின்ன வெள்ளி விளிம்பில் பெயரோடு இருந்தார். அதைத்தான் எடைக்குப் போட இருந்தார்கள்.

என் தாத்தாவையும் தேடினேன். அவர் உயிரோடு திரும்பியவர். இறந்தவர்கள் பட்டியல் அவருக்கு உதவாது. அவர் பெயரிலோ ஊருக்குப் பத்துப் பேர். எண் தெரிந்தால் வழி உண்டு. அந்த எண் வேலூரில் ஏதோ ஒரு பட்டறையில் உருகிப் போய்விட்டது. பிறர் எழுதியதைத் திருத்தியே 35 வருடம் சம்பளம் வாங்கிய நான், என் வீட்டு மாடத்தில் இருந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டேன்.

ஆகவே உங்கள் டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம்:

1. பரண், டிரங்குப் பெட்டி, சாமி மாடம் எல்லாவற்றிலும் தேடுங்கள். ரிப்பன், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம் எதையும் பிரிக்காமல் சேர்த்து வையுங்கள். இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயர் இல்லாதவை நிறைய. அவற்றுக்குக் காகிதம்தான் சாட்சி.

2. புளி, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்து போய்விடும். கறுப்பு இருந்தால் இருக்கட்டும்.

3. விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுங்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். தப்பாகத் தோன்றினாலும் திருத்தாதீர்கள்.

4. வாங்குவதாக இருந்தால் விளிம்பை அளந்து பாருங்கள். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறித்து விற்பவர்கள் உண்டு. அராவிய பதக்கம் 36 மில்லிமீட்டர் இருக்காது.

5. வெளிநாட்டுக்காரர் நல்ல விலை கேட்கிறார் என்று தபாலில் அனுப்பிவிடாதீர்கள். நூறு வருடம் கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

விற்றே தீர வேண்டிய கஷ்டம் வரலாம். எங்கள் வீட்டுக்கும் வந்ததுதான். அப்போதும் உருக்குபவரிடம் கொடுக்காமல் சேகரிப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த ஒரு வரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்த மாணவி நேற்று போட்டோ அனுப்பியிருக்கிறாள். எண் தெளிவாக இருக்கிறது. இன்று சாயங்காலம் உட்கார்ந்து தேடப் போகிறோம். உங்கள் வீட்டிலும் இருந்தால் அனுப்புங்கள். கண் கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனால் பூதக்கண்ணாடி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்