தின்ற சோறு எங்கே போனது?

தோட்டத்து ஆட்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் சொல்லிவந்த காலத்தில், பலருடைய குடலுக்குள் கொளுக்கிப்புழு இருந்தது. ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான், அகத்துறிஞ்சல் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

சிறுகுடல் சுமார் 6 மீற்றர் நீளம். அதன் உட்சுவரிலுள்ள சடைமுளைகள் வழியாகத்தான் தின்றதன் சத்து இரத்தத்தில் சேர்கிறது. இரும்புச்சத்து பெரும்பாலும் அதன் தொடக்கத்திலேயே உறிஞ்சப்படும். ஒரு சென்ரிமீற்றர் நீளமேயுள்ள கொளுக்கிப்புழு வாயை ஊன்றுவதும் சிறுகுடலின் மேற்பகுதியில்தான். ஒரு புழு நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தம் குடித்தாலும், நூறு புழு மாதத்துக்கு 90 மில்லிலீற்றர் குடித்துவிடும். அரைவயிற்று அரிசியில் கிடைத்த இரும்பு அதை ஈடுகட்டுமா? இரத்தம் குறைந்த உடம்பின் சோர்வைத்தான் துரைமார் சோம்பல் என்றார்கள்.

அந்தக் காலத்து லயத்தில் கக்கூசு கிடையாது. தேயிலைச் செடிகளின் மறைவுதான். அங்கே நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் முட்டை பொரித்து, குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். கால்விரல் இடுக்கில் அரிப்பெடுக்கும். பிறகு நுரையீரல், தொண்டை வழியாகக் குடலுக்கு வந்து சேரும்.

1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கினார்கள். வாடை பொறுக்க முடியாத செனபோடியம் எண்ணெயைக் கொடுத்துப் புழுவை இறக்கினார்கள். ஆனால் கக்கூசு கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு மறுபடி ஏறும் என்று அவர்கள் சொன்னபோது, செலவை நினைத்துத் தோட்டத் துரைமார் பலர் பின்வாங்கினார்கள். மருந்து குடித்த ஆள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு மலையேறினார்.

இரத்தத்தைக் குறைத்தது புழு மட்டுமல்ல. எங்கள் அப்பாயி கொழுந்தெடுத்தவர். காலையில் ரொட்டி, கட்டச்சம்பல், கூடவே கடுஞ்சாயம். தேநீரிலுள்ள தனின், தாவர உணவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது என்பதை 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர் பறித்த கொழுந்தே அவருடைய இரத்தத்துக்கும் தடையாக நின்றிருக்கிறது.

இன்றும் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் தாய்மார் இருக்கிறார்கள். அக்காமாரே, தண்ணீரோடு விழுங்குங்கள். தேத்தண்ணி குடிக்க ஒரு மணித்தியாலமாவது போகட்டும். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், அது இரும்பை உள்ளே சேர்க்கும். தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: சம்பளப் பேச்சில் கக்கூசும் சுத்தத் தண்ணீரும் காலணியும் சேரவேண்டும். இவையில்லாத லயத்தில் கூட்டிக்கொடுத்த சம்பளத்தின் ஒரு பங்கு புழுவுக்கே போகும்.